பாதுகாப்புத் திறன் உள்ள அட்டையும் வீழும்: மாணவர் பகுதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், மேசையில் அமர்ந்து விளையாடும் அட்டை விளையாட்டுகளைப் பற்றி ஓர் அறிமுகக் குறிப்பு வெளிவந்திருந்தது. கைப்பேசியை விட்டுப் பிள்ளைகளை எழுப்புவதே பெரும்பாடாக இருக்கும் இந்நாளில், எதிரெதிரே உட்கார்ந்து யோசித்து ஆட வேண்டிய விளையாட்டுகளை ஒரு தமிழ் நாளிதழ் எடுத்துச் சொன்னது மிகவும் நல்ல காரியம். ஆயினும் ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டைப் பற்றிய பத்தியில், பாதுகாப்புத் திறன் பெற்ற அட்டையை எதிராளியால் எதுவும் செய்ய முடியாது என்ற பொருளில் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அது தவறான செய்தி. எங்கள் பகுதிப் பிள்ளைகள் மேசையில் போடும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளம்புகின்றன என்பதால், அதைச் சற்று விரிவாகவே விளக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். திருநகரில் எங்கள் வீட்டுத் திண்ணை அகலமானது என்பதால், விடுமுறை நாள்களில் தெருப் பிள்ளைகள் அங்கேதான் அட்டைகளைப் பரப்புகிறார்கள். இவ்விளையாட்டின் அட்டைகள் மதுரைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மாமன்மாரும் அண்ணன்மாரும் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பவையும், இணையத்தில் வரவழைப்பவையுமே அதிகம். வேறு சில பிள்ளைகள் இதன் கைப்பேசி வடிவமான ‘அரீனா’வில் ஆடிப் பழகிவிட்டு மேசைக்கு வருகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எந்த அட்டையைக் குறி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைக் கைப்பேசி தானே முடிவுசெய்து, தகுதியுள்ள அட்டையை மட்டும் ஒளிரச் செய்து காட்டிவிடுகிறது. ஏன் ஒளிர்கிறது, ஏன் ஒளிரவில்லை என்று யோசிக்க வேண்டிய அவசியமே பிள்ளைக்கு ஏற்படுவதில்லை. மேசையில் ஒளிகாட்ட யாரும் இல்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் வாக்கியமும் அதைப் படிக்கும் இருவரும் மட்டுமே.

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வரிகள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு இது. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி. இருவர் ஆடும் வழக்கமான ஆட்டத்தில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்களில் மந்திரங்களும், ‘கிரியேச்சர்’ எனப்படும் போர்வீரர், விலங்கு, பூதம் முதலான உயிரிகளும் உண்டு. ஒவ்வொரு கிரியேச்சர் அட்டையின் கீழ்மூலையிலும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தாக்குதிறன், இரண்டாவது தாங்குதிறன். ஒரே சுற்றில் தாங்குதிறனுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ சேதம் ஏற்பட்டால் அந்தக் கிரியேச்சர் அழிந்து, ‘கிரேவ்யார்டு’ எனப்படும் இடுகாட்டுக் குவியலுக்குப் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிரியேச்சரை ஆட்டத்திலிருந்து அப்புறப்படுத்தப் பல வழிகள் உள்ளன. அதைத் தனியாகக் குறி வைத்து (அட்டையில் ‘டார்கெட்’ என்று வரும் சொல்) தாக்கலாம். குறி வைக்காமல் களத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக்கொண்டு போகலாம். சேதம் விளைவித்துக் கொல்லலாம். சேதமே இல்லாமல் ‘அழி’ என்ற ஒரே ஆணையால் முடிக்கலாம். தாங்குதிறனைக் குறைத்துப் பூஜ்யமாக்கலாம். உரிமையாளரைக் கொண்டே அதைப் பலி கொடுக்கச் செய்யலாம். இடுகாட்டுக்குக்கூட அனுப்பாமல் ஆட்டத்துக்கு வெளியே விலக்கி வைக்கலாம். பாதுகாப்புத் திறன்கள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ மட்டுமே தடுக்கும். ஆகவே ‘இந்த அட்டைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா’ என்று கேட்பதால் பயனில்லை. எதிலிருந்து, யாரிடமிருந்து, எந்த நேரத்தில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

பிள்ளைகள் அதிகம் சந்திப்பது ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’. இது உள்ள கிரியேச்சரை எதிராளி தன் மந்திரத்தாலோ திறனாலோ குறி வைக்க இயலாது. அட்டைக்கு உரியவர் தாராளமாகக் குறி வைத்து வலிமை சேர்க்கலாம். இக்கருத்து அதற்கு முன்பே பல அட்டைகளில் முழு வாக்கியமாக எழுதப்பட்டிருந்தாலும், தனிப் பெயராக நிலைபெற்றது 2011-இல் வெளிவந்த தொகுப்பில்தான். அதற்கு மூத்தது ‘ஷ்ரவுட்’. ஷ்ரவுட் உள்ள கிரியேச்சரை எவருமே குறி வைக்க முடியாது. அதன் சொந்தக்காரருக்கும் அதே தடைதான். இவ்விரண்டின் வேறுபாட்டை இரண்டு உபகரண அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் மறக்காது. ‘ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ்’ என்ற காலணியை ஒரு கிரியேச்சருக்கு அணிவித்தால் ஹெக்ஸ்ப்ரூஃப் கிடைக்கும். ‘லைட்னிங் கிரீவ்ஸ்’ என்ற கால்கவசத்தை அணிவித்தால் ஷ்ரவுட் கிடைக்கும். முன்னதை அணிவிக்க ஒவ்வொரு முறையும் ஒரு மானா (நில அட்டைகளைச் சாய்த்து, அதாவது பக்கவாட்டில் திருப்பி, பெறும் மந்திர ஆற்றல்) செலவாகும். பின்னதற்குச் செலவே இல்லை. செலவில்லாததுதானே சிறந்தது என்று பிள்ளைகள் கிரீவ்ஸ் பக்கம் பாய்வார்கள். ஆனால் ஓர் உபகரணத்தை அணிவிப்பதும் குறி வைக்கும் செயலே ஆகையால், கிரீவ்ஸ் அணிந்த கிரியேச்சருக்கு அடுத்ததாக ஒரு வாளை அணிவிக்க முடியாது. முதலில் கிரீவ்ஸை வேறொரு கிரியேச்சருக்கு மாற்றிவிட்டு, வாளைக் கொடுத்துவிட்டு, மீண்டும் கிரீவ்ஸைத் திரும்ப அணிவிக்க வேண்டும். களத்தில் ஒரே ஒரு கிரியேச்சர்தான் இருக்கிறது என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஹெக்ஸ்ப்ரூஃப் குறி வைப்பதை மட்டும் தடுக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அது எவற்றைத் தடுக்காது என்பது தானே தெளிவாகும். ‘டே ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ என்ற வெள்ளை மந்திரம் எல்லாக் கிரியேச்சர்களையும் அழிக்கிறது. அதன் வாக்கியத்தில் குறி என்ற பேச்சே இல்லை. ‘பைரோகிளாசம்’ என்ற சிவப்பு மந்திரம் ஒவ்வொரு கிரியேச்சருக்கும் 2 சேதம் தருகிறது. அதிலும் குறி இல்லை. ‘டயபாலிக் எடிக்ட்’ என்ற கறுப்பு மந்திரத்தில் குறி உண்டு, ஆனால் அது குறி வைப்பது ஆடுபவரை. அவர் தம்முடைய கிரியேச்சர் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். களத்தில் அவருக்கு ஹெக்ஸ்ப்ரூஃப் கிரியேச்சர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதுதான் பலி. ‘குளோன்’ என்ற அட்டை எதிராளியின் ஹெக்ஸ்ப்ரூஃப் கிரியேச்சரைப் பார்த்து நகலெடுக்கலாம். அது தேர்ந்தெடுக்கிறதே தவிரக் குறி வைப்பதில்லை. ‘சைக்ளோனிக் ரிஃப்ட்’ என்ற நீல மந்திரத்தைச் சாதாரண விலைக்கு ஏவினால் ஒரு பொருளைக் குறி வைக்கும்; கூடுதல் விலை கொடுத்து ஏவினால் ‘குறி’ என்ற சொல் ‘ஒவ்வொன்றும்’ என்று மாறிவிடும். ஒரே அட்டையை முதல் வகையில் ஹெக்ஸ்ப்ரூஃப் தடுக்கும், இரண்டாம் வகையில் தடுக்காது. ‘ஒன்று’ என்பதற்கும் ‘ஒவ்வொன்றும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதிக் காட்டியவன் என்ற முறையில், இந்த அட்டையை வகுப்பறைக்கே கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்தது ‘புரொடெக்ஷன்’. விளையாட்டின் முதல் தொகுப்பிலிருந்தே இருப்பது. பாதுகாப்புத் திறன்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ‘ஒயிட் நைட்’ என்ற வெள்ளை வீரனுக்குக் கறுப்பிலிருந்து பாதுகாப்பு. ‘பிளாக் நைட்’ என்ற கறுப்பு வீரனுக்கு வெள்ளையிலிருந்து பாதுகாப்பு. இப்படி ஒரு நிறத்திலிருந்து பாதுகாப்பு என்று எழுதியிருந்தால் அதற்கு விதிப்படி நான்கு பொருள்கள் உண்டு. அந்த நிறத்தைச் சேர்ந்த எதுவும் தரும் சேதம் அந்தக் கிரியேச்சர் மீது ஏறாது. அந்த நிற மந்திரக்கட்டோ (கிரியேச்சர்மேல் ஒட்டிவைக்கும் மந்திர அட்டை) உபகரணமோ அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்த நிறக் கிரியேச்சர்கள் அது தாக்க வரும்போது குறுக்கே நின்று மறிக்க முடியாது. அந்த நிற மந்திரங்களும் திறன்களும் அதைக் குறி வைக்க முடியாது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் புரொடெக்ஷன். நான்கில் அடங்காத எதையும் அது தடுக்காது.

சென்ற வாரம் எங்கள் திண்ணையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவனுடைய சித்தப்பா மகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பையனிடம் பிளாக் நைட், அவளுடையது முழுக்க வெள்ளைச் சீட்டுக்கட்டு. அவளுடைய வெள்ளை வீரர்களால் மறிக்க முடியாததால் சுற்றுக்குச் சுற்று இரண்டிரண்டு புள்ளிகளாக இழந்துகொண்டிருந்தாள். ‘ஸ்வார்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ்’ என்ற வெள்ளை மந்திரத்தை அவள் எடுத்தபோது, வெள்ளை மந்திரம் இவனைக் குறி வைக்க முடியாது என்று பையன் தடுத்தான். அது சரி, அவளும் ஒத்துக்கொண்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் நான்கு நிலங்களைச் சாய்த்து டே ஆஃப் ஜட்ஜ்மென்டைக் கீழே வைத்தாள். அவளுடைய வீரர்கள் மூவரையும் அவளே எடுத்து ஓரமாக அடுக்கினாள். பையன் மட்டும் தன் வீரன்மேல் விரலை ஊன்றிக்கொண்டு, “இதுவும் வெள்ளைதான், இவனை ஒண்ணும் செய்யாது” என்றான். அவள் கோபப்படவில்லை. “அண்ணே, சேதமா வருது? இல்ல. இவன் மேல எதையும் ஒட்டுறேனா? இல்ல. மறிக்கிறேனா? இல்ல. குறி வச்சேனா? எல்லாத்தையும் அழின்னுதான் போட்டிருக்கு. நாலுல எதுண்ணே தடுக்கும்?” என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் கேட்டாள். பையன் அட்டையை இருமுறை படித்துவிட்டு, வீரனை எடுத்து இடுகாட்டுக் குவியலில் வைத்தான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் கேட்ட கேள்வியை இவ்விளையாட்டின் பெரிய பூதங்களில் ஒன்றிடமும் கேட்கலாம். 2009-இல் வெளிவந்த ‘புரோஜெனிடஸ்’ என்ற பத்துக்குப் பத்து கிரியேச்சரின் அட்டையில் எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு என்றே அச்சிட்டிருக்கிறார்கள். தங்கள் மாணவர் பகுதியின் வரி எந்த அட்டைக்காவது பொருந்தும் என்றால் இதற்குத்தான் பொருந்த வேண்டும். ஆனால் டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் வந்தால் இதுவும் அழியும். இடுகாட்டுக்குப் போவதற்குப் பதிலாக உரியவரின் சீட்டுக்கட்டில் கலந்துவிடும் என்பது மட்டுமே அதற்குள்ள தனிச்சலுகை.

புரொடெக்ஷன் இருபக்கமும் வெட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளையிலிருந்து பாதுகாப்பு என்றால் எதிராளியின் வெள்ளை மட்டுமல்ல, நம்முடைய வெள்ளையும் அதில் அடங்கும். நம் வீரன்மேல் நாமே வலிமை சேர்க்க வைத்த வெள்ளை மந்திரக்கட்டு இருக்கும்போது, அவசரத்துக்கு அவனுக்கு வெள்ளையிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தால் அந்தக் கட்டு அப்போதே உதிர்ந்து இடுகாட்டுக்குப் போய்விடும். இதே விதி நமக்கு உதவவும் செய்யும்: தாக்கவும் மறிக்கவும் விடாமல் நம் வீரனை முடக்கிப்போடும் ‘பாசிஃபிசம்’ என்ற வெள்ளை மந்திரக்கட்டை எதிராளி அவன்மேல் வைத்திருந்தால், ஒரே ஒரு கணம் வெள்ளையிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தால் போதும், அது கழன்று விழும், பாதுகாப்பு அந்தச் சுற்றோடு தீர்ந்தாலும் கட்டு திரும்பி வராது. ஹெக்ஸ்ப்ரூஃப் கொடுத்தால் இது நடக்காது, ஏனெனில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதை ஹெக்ஸ்ப்ரூஃப் கண்டுகொள்வதில்லை. இன்னொரு நுட்பம்: சிவப்பிலிருந்து பாதுகாப்புப் பெற்ற வீரனைச் சிவப்புக் கிரியேச்சர்கள் மறிக்க முடியாதே தவிர, அவன் சிவப்புக் கிரியேச்சர்களைத் தாராளமாக மறிக்கலாம், மறித்தாலும் அவன்மேல் சேதம் ஏறாது. ஆனால் சிவப்புக் கிரியேச்சர் ஏற்கெனவே மறித்துவிட்ட பிறகு அவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தால், மறித்தது மறித்ததுதான். அவன் அடி வாங்காமல் தப்பிப்பான், ஆனால் மறிப்பைத் தாண்டி எதிராளியை அடித்துவிட முடியாது. இதற்காக எங்கள் திண்ணையில் எழும் வாக்குவாதங்கள் தெருமுனை வரை கேட்கும்.

‘இன்டெஸ்ட்ரக்டிபிள்’ திறன் குறி வைப்பதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. யார் வேண்டுமானாலும் குறி வைக்கலாம்; ‘அழி’ என்ற ஆணை பலிக்காது, எவ்வளவு சேதம் ஏறினாலும் அதனால் அழியாது, அவ்வளவே. 2004-இல் வந்த ‘டார்க்ஸ்டீல் கொலோசஸ்’ என்ற பதினொன்றுக்குப் பதினொன்று உலோகப் பூதத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் வந்து களம் முழுவதும் காலியானாலும் அது அசையாமல் நிற்கும். ஆனால் மேலே சொன்ன ஸ்வார்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ் ஒரே ஒரு வெள்ளை மானா செலவில் அதை ஆட்டத்துக்கு வெளியே விலக்கிவிடும். ஈடாகப் பூதத்தின் சொந்தக்காரருக்கு அதன் தாக்குதிறனுக்குச் சமமாக 11 உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். விலக்குவது அழிப்பதாகாது. பலி கொடுப்பதும், கைக்குத் திருப்பி அனுப்புவதும் அப்படியே. தாங்குதிறன் பூஜ்யமாவதும் அழிப்பில் சேராது: ‘டிஸ்ஃபிகர்’ என்ற கறுப்பு மந்திரம் ஒரு கிரியேச்சரின் இரு எண்களிலும் இரண்டைக் குறைக்கிறது, இன்டெஸ்ட்ரக்டிபிள் உள்ள இரண்டுக்கு இரண்டு வீரன்மேல் அது விழுந்தால் அவன் இடுகாட்டுக்குப் போவான். அதே வீரன்மேல் ‘லைட்னிங் போல்ட்’ என்ற சிவப்பு மந்திரம் மூன்று சேதத்தை இறக்கினால் நிற்பான். மூன்று பெரியது, இரண்டு சிறியது, பெரியதைத் தாங்கியவன் சிறியதில் எப்படிச் சாவான் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. சேதம் என்பது தாங்குதிறனுக்கு எதிரே எழுதி வைக்கப்படும் கணக்கு. சுற்று முடிந்ததும் அது அழிக்கப்படும், தாங்குதிறன் என்ற எண் மாறுவதில்லை. டிஸ்ஃபிகர் அந்த எண்ணையே மாற்றுகிறது. பூஜ்யம் தாங்குதிறனோடு களத்தில் நிற்க எந்தக் கிரியேச்சருக்கும் விதி இடமளிப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கற்றுக்கொண்ட பிள்ளையும் தடுமாறும் இடம் நேரம். ஒருவர் மந்திரத்தை ஏவியவுடன் அது நடந்துவிடுவதில்லை. எதிராளி பதில் மந்திரம் ஏவ வாய்ப்பு உண்டு. கடைசியாக ஏவியது முதலில் நடக்கும். நான் லைட்னிங் போல்டால் உங்கள் வீரனைக் குறி வைக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘காட்ஸ் வில்லிங்’ என்ற வெள்ளை மந்திரத்தைப் பதிலாக ஏவி, அவனுக்குச் சிவப்பிலிருந்து பாதுகாப்புக் கொடுக்கிறீர்கள். உங்களுடையது முதலில் நடக்கும். என்னுடையதன் முறை வரும்போது அதன் ஒரே குறி தகாத குறியாகிவிட்டதால் மந்திரம் பலனின்றிப் போகும். ‘ஸ்நேக்ஸ்கின் வெயில்’ என்ற பச்சை மந்திரமும் இதையே ஹெக்ஸ்ப்ரூஃப் கொடுத்துச் செய்யும். கூடவே வீரனின் இரு எண்களையும் நிரந்தரமாக ஒன்று கூட்டும். இப்போது நான் போல்டுக்குப் பதில் பைரோகிளாசத்தை ஏவினால்? காட்ஸ் வில்லிங்கில் சிவப்பைச் சொன்னால் சேதம் ஏறாது, வீரன் பிழைப்பான். ஸ்நேக்ஸ்கின் வெயில் தரும் ஹெக்ஸ்ப்ரூஃப் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. ஆனால் இரண்டுக்கு இரண்டாக இருந்தவன் மூன்றுக்கு மூன்றாகிவிடுவதால் இரண்டு சேதத்தைத் தாங்கிப் பிழைப்பான். நான் டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் ஏவினால் இந்த இரண்டு மந்திரங்களாலும் அவனைக் காக்க முடியாது. மூன்று தாக்குதல்களுக்கும் இரண்டு காப்புகளுக்கும் ஆறு விடைகள். ஒரு மாணவன் இந்த ஆறையும் காரணத்தோடு சொல்லிவிட்டால், விதிப் புத்தகத்தின் இப்பகுதியில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மிச்சம் அதிகம் இராது.

2021-இல் ‘வார்டு’ என்ற திறனுக்குத் தனிப் பெயர் கிடைத்தது. என் பார்வையில் பாதுகாப்புத் திறன்களில் மிக நேர்த்தியாக அமைந்தது இதுவே. வார்டு உள்ள கிரியேச்சரை எதிராளி குறி வைக்கலாம், தடையில்லை. ஆனால் குறி வைத்தவுடன் அட்டை ஒரு கட்டணம் கேட்கும். இரண்டு மானாவாக இருக்கலாம், மூன்று உயிர்ப்புள்ளிகளாக இருக்கலாம், கையிலுள்ள சீட்டு ஒன்றைக் கழிப்பதாகவும் இருக்கலாம். கட்டாவிட்டால் ஏவிய மந்திரம் ரத்தாகும். கப்பலூர் சுங்கச்சாவடியைப் போல, வழி திறந்தேதான் இருக்கிறது, பணம் கட்டியவருக்குத் தாராளமாகத் திறக்கும். பிள்ளைகள் இதையும் ஹெக்ஸ்ப்ரூஃப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வார்டு என்பது குறி வைக்கப்படும் அந்தக் கணத்தில் விழித்துக்கொள்ளும் திறன். ஆகவே ஒரு கிரியேச்சர் குறி வைக்கப்பட்ட பிறகு அதற்கு வார்டு கொடுத்தால் பயனில்லை. அந்தக் கணம் கடந்துவிட்டது. குறி வைக்கப்பட்ட பிறகு ஹெக்ஸ்ப்ரூஃப் கொடுத்தாலோ முழுப்பயன் உண்டு, ஏனெனில் மந்திரம் நடக்கும்போது குறி தகுதியானதா என்று மறுபடி பார்க்கப்படுகிறது. தவிர, ரத்து செய்யவே முடியாத மந்திரம் என்று எழுதப்பட்ட ஒன்றை ஏவினால் வார்டின் கட்டணத்தைக் கட்டாமலேயே அது நடந்துவிடும். ஹெக்ஸ்ப்ரூஃப் முன்னால் அந்த மந்திரத்தை ஏவவே முடியாது.

ஹெக்ஸ்ப்ரூஃப்பை விட வார்டை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள சிறு கிரியேச்சர் ஒன்றின்மேல் மந்திரக்கட்டுகளை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போனால், கையில் பொருத்தமான விடை இல்லாத எதிராளி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத் தவிர வழியில்லை. ‘ஸ்லிப்பரி போகிள்’ என்ற ஒன்றுக்கு ஒன்று கிரியேச்சரை வைத்து இப்படியே ஆடப்படும் சீட்டுக்கட்டுகள் பெயர்பெற்றவை. புதிதாகக் கற்கும் பிள்ளை அதனிடம் தோற்றால் எதையும் கற்காமல் தோற்கும். வார்டு எதிராளியைக் கணக்குப் போட வைக்கிறது: இப்போதே கட்டணத்தைக் கட்டி அடிப்பதா, அடுத்த சுற்றில் நிலம் ஒன்று கூடும் வரை பொறுப்பதா, வேறொரு சிறு மந்திரத்தைக் கையில் வைத்துக்கொள்வதா என்று. பள்ளிப் பிள்ளைகளுக்கான சீட்டுக்கட்டுகளை அமைத்துக் கொடுக்கும் பெரியவர்கள் ஹெக்ஸ்ப்ரூஃப் அட்டைகளைக் குறைத்து, வார்டு அட்டைகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய அட்டைகளில் ‘ரீஜெனரேட்’ என்ற திறனையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். அழியப்போகும் கிரியேச்சர் அழியாமல், சாய்ந்து, சேதம் நீங்கி, சண்டையிலிருந்து விலகி நிற்கும். அதுவும் அழிப்புக்கு மட்டுமே மாற்று. விலக்கலுக்கும் பலிக்கும் அதனிடம் பதில் இல்லை. ‘ஃபேசிங்’ என்ற திறன் கிரியேச்சர் களத்திலேயே இல்லாதது போலச் சிறிது நேரம் கருதச் செய்கிறது. டே ஆஃப் ஜட்ஜ்மென்டிலிருந்தும் தப்பிக்க வைப்பதால் காப்புகளில் அது வலியது, ஆனால் அந்நேரம் அந்த வீரனால் மறிக்கவும் முடியாது.

தங்களிடம் என் கோரிக்கை இதுதான். மாணவர் பகுதியில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். அதோடு, வாரம் ஒரு திறனை எடுத்து, அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளுடன் சிறு பத்தியாக வெளியிட்டால், கைப்பேசியில் மட்டும் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும். அட்டைகளின் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழிப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் வேறு. எங்கள் திண்ணையில் விரல் மடக்கிக் கேட்ட அந்தச் சிறுமி தமிழ்வழியில் படிப்பவள். அட்டைகளில் திரும்பத் திரும்ப வருபவை சில பத்துச் சொற்களே. அவற்றின் பொருளைத் தாய்மொழியில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளே செய்துகொள்கிறார்கள்.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கும் இக்கடிதம் வழியாக ஒரு வேண்டுகோள். விடுமுறை முடியும் வரையிலாவது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசையை இத்தகைய அட்டை விளையாட்டுகளுக்கு ஒதுக்கித் தந்தால், அட்டைகள் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் மற்றவர்களுடையதை வைத்து ஆடிக் கற்க முடியும். அங்கு வந்து விதிகளைச் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். மேலே சொன்ன ஆறு விடைகளையும் ஓர் அட்டவணையாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்குத் தேவையென்றால் நகல் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருநகர், மதுரை.